முதலாண்டு ஒப்பந்தச் சட்டம்: துணைநூல்களை உரசிப் பார்க்க ஓர் உரைகல்

முதலாண்டு ஒப்பந்தச் சட்டத் தேர்வு முடிந்த மறுநாள் மேசையை ஒழுங்குபடுத்தும்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அந்த ஒரு பாடத்துக்காக மட்டும் ஒன்பது துணைநூல்களையும் இரண்டு அட்டைக் கட்டுகளையும் விலைக்கு வாங்கியும் இரவல் பெற்றும் சேர்த்து வைத்திருந்தேன். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் என் கை மீண்டும் மீண்டும் தேடிப் போனவை அவற்றில் மூன்றே. மற்றவை மோசமான நூல்கள் என்று சொல்ல மாட்டேன்; சில தத்தம் வேலையை மிகச் செம்மையாகவே செய்கின்றன. எனக்கு வேண்டியிருந்தது அந்த வேலையல்ல என்பது பணம் கொடுத்த பிறகுதான் புரிந்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் சேரவிருக்கும் தமிழ் மாணவர்கள் அந்தச் செலவையும், அதைவிட அரிதான நேரத்தையும் மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்பதற்காக, நான் பயன்படுத்திப் பார்த்த துணைநூல் வகைகளை இங்கே மதிப்பிடுகிறேன்.

துணைநூல் என்ற ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1870-இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்ற கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், மறு ஆண்டே ஒப்பந்தச் சட்டத் தீர்ப்புகளைத் தொகுத்து ஒரு பாடநூல் வெளியிட்டார். விதிகளை ஆசிரியர் விரித்துரைக்க மாணவர் குறிப்பெடுக்கும் முறையை விட்டு, தீர்ப்புகளை மாணவரே படித்து அவற்றிலிருந்து விதியைப் பிரித்தெடுக்கும் முறை அதிலிருந்து பரவியது. இன்றும் முதலாண்டுப் பாடநூல் என்பது வெட்டிச் சுருக்கிய தீர்ப்புகளும், அவற்றின் அடியில் விடையில்லாத கேள்விகளும் கொண்ட கனத்த தொகுப்புதான். நம் மரபில் சொல்வதானால், அது உரையே இல்லாத மூலம். வகுப்பிலும் பேராசிரியர் உரை சொல்வதில்லை. ஒரு மாணவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். நீங்கள் ஒரு விடையைச் சொன்னதும் நிகழ்ச்சி விவரத்தில் ஒன்றை மாற்றி, அந்த விடை இன்னும் நிற்குமா என்று கேட்கிறார்.

பருவ இறுதித் தேர்வோ முற்றிலும் வேறு ஆட்டம். பல பாடங்களில் மதிப்பெண்ணின் பெரும்பகுதி அந்த ஒரே தேர்வைச் சார்ந்திருக்கிறது. அங்கே எந்தத் தீர்ப்பின் கதையையும் கேட்பதில்லை. நீங்கள் இதுவரை கேள்விப்படாத ஒரு கற்பனை நிகழ்ச்சியை இரண்டு மூன்று பக்கங்களுக்கு விவரித்துவிட்டு, யாருக்கு யார் மீது என்ன உரிமை என்று கேட்கிறார்கள். ஆகவே மாணவருக்கு இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. தீர்ப்பிலிருந்து விதிக்கு வருவது முதலாவது. விதியிலிருந்து புதிய நிகழ்ச்சிக்குப் போவது இரண்டாவது. கடையில் அடுக்கியிருக்கும் துணைநூல்களில் பெரும்பாலானவை முதல் பள்ளத்தை நிரப்புபவை. தேர்வு அளப்பது இரண்டாவதை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் நான் முதல் வாரத்திலேயே நான்கு நூல்களை வாங்கினேன்.

பருவத்தின் நடுவில்தான் எனக்கு ஒரு வழி தோன்றியது. பாடத்தில் எனக்குக் கொஞ்சமும் பிடிபடாத ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நூலிலும் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். முன்னுரையும் பின்னட்டையும் எல்லா நூலிலும் இனிக்கத்தான் செய்யும். எளிய அதிகாரங்களை எல்லாரும் நன்றாகவே எழுதிவிடுவார்கள். கடினமான பக்கத்தில்தான் நூலின் தரம் தெரிகிறது. நான் எடுத்துக்கொண்ட உரைகல், மாணவர்கள் யூசிசி என்று சுருக்கி அழைக்கும் யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்ற வணிகச் சட்டத் தொகுப்பின் 2-207ஆம் பிரிவு. படிவங்களின் போர் என்று இதற்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு.

அந்தப் பிரிவின் சிக்கலைச் சற்று விளக்கினால்தான் பின்வரும் மதிப்பீடு புரியும். ஒரு நிறுவனம் 500 நீரேற்றிகள் வேண்டுமென்று தன் அச்சிட்ட படிவத்தில் ஆணை அனுப்புகிறது. ஓராண்டு உத்தரவாதம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. விற்பவர் தன் படிவத்தில் ஆணையை ஏற்றுக்கொள்வதாகப் பதில் அனுப்புகிறார். அதன் பின்புறத்தில் உத்தரவாதம் 30 நாள் மட்டுமே என்றும், தகராறு எழுந்தால் நடுவர் மன்றத்துக்கே போக வேண்டும் என்றும் பொடி எழுத்தில் இருக்கிறது. இரு தரப்பும் மற்றவர் படிவத்தைப் படிக்கவில்லை. சரக்கு வருகிறது, பணம் போகிறது, 40ஆம் நாள் நீரேற்றிகள் பழுதாகின்றன. இப்போது எந்தப் படிவம் செல்லும்?

பழைய பொதுச் சட்டத்தின்படி, ஏற்பு என்பது முன்மொழிவின் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். ஒரு சொல் மாறினாலும் அது ஏற்பு ஆகாது, எதிர் முன்மொழிவே ஆகும். சரக்கைப் பெற்றுக்கொண்டவர் அந்த எதிர் முன்மொழிவை ஏற்றவராகிவிடுவார் என்பதால், கடைசியாகப் படிவம் அனுப்பியவர் வென்றுவிடுவார். பொருள் விற்பனையைப் பொறுத்தவரை 2-207 இந்த விதியைக் கவிழ்க்கிறது. உறுதியான ஏற்பு, புதிய நிபந்தனைகளைச் சேர்த்துச் சொன்னாலும் ஏற்பாகவே நிற்கும். அந்த நிபந்தனைகளுக்கு மற்றவர் சம்மதித்தால்தான் ஏற்பு என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டுமே நிலைமை மாறும். கூடுதலான நிபந்தனைகள் வணிகர்களுக்கு இடையில், சில விலக்குகள் போக, ஒப்பந்தத்தில் தாமாகவே சேர்ந்துவிடும். முன்மொழிவு தன் நிபந்தனைகளை மட்டுமே ஏற்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியிருந்தாலோ, புதிய நிபந்தனை ஒப்பந்தத்தை முக்கியமான வகையில் மாற்றினாலோ, உரிய காலத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டாலோ சேராது. இதுவரை சிரமமில்லை. நடுவர் மன்ற நிபந்தனை கூடுதலானது. உத்தரவாதக் காலமோ முரணானது. பிரிவின் முதல் உட்பிரிவு கூடுதலானவை, முரணானவை என்ற இரண்டையும் சொல்கிறது. இரண்டாவது உட்பிரிவு கூடுதலானவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அப்படியானால் முரணான நிபந்தனையின் கதி என்ன? பெரும்பான்மை நீதிமன்றங்கள் இரண்டு முரண் நிபந்தனைகளையும் நீக்கிவிட்டு, வெற்றிடத்தைத் தொகுப்பின் பொது விதிகளால் நிரப்புகின்றன. சில நீதிமன்றங்கள் அப்படிச் செய்வதில்லை. இந்த இடத்தில்தான் நான் வகுப்பில் தடுமாறினேன். இந்த இடத்தில்தான் துணைநூல்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன.

முதலில் வணிக அவுட்லைன் எனப்படும் சுருக்கக் குறிப்பு நூல். நான் வாங்கியது பாடம் முழுவதையும் எண்ணிட்ட தலைப்புகளாக அடுக்கியிருந்தது. தோற்றத்தில் மனத்துக்கு மிக நிம்மதி தரும் நூல். என் உரைகல்லை வைத்துப் பார்த்தபோது 2-207-க்கு ஒரு பத்தியே இருந்தது. கூடுதலான நிபந்தனையும் முரணான நிபந்தனையும் அதில் ஒரே மூச்சில் சொல்லப்பட்டு, இரண்டுக்கும் ஒரே விடை தரப்பட்டிருந்தது. அதைத் தவறு என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் சில நீதிமன்றங்கள் அப்படித்தான் தீர்ப்பளிக்கின்றன. வேறு கருத்து ஒன்று இருக்கிறது என்பதையும், பெரும்பான்மை அந்தப் பக்கமே என்பதையும் நூல் சொல்லவில்லை. தேர்வில் மதிப்பெண் இருப்பதே கருத்துகள் பிரியும் இடத்தில்தான் என்பதால், அந்தக் கருத்துப் பிளவை மறைக்கும் சுருக்கம் மாணவருக்கு உதவியே அல்ல. கடைசி வாரத்தில், நாம் எதையாவது மறந்துவிட்டோமா என்று சரிபார்க்கும் பட்டியலாக மட்டும் இந்த வகை பயன்படும். அதற்காக ஒரு நூலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நூலகப் பிரதியின் பொருளடக்கமே போதும்.

இதில் வேறொரு தீமையும் உண்டு. உங்கள் சொந்த அவுட்லைனை எழுதும் வேலையை இந்த நூல் உங்களிடமிருந்து பறித்துக்கொள்கிறது. பதினைந்து வாரப் பாடத்தை நாற்பது பக்கமாகவும், நாற்பதைப் பத்தாகவும், பத்தை ஒரு பக்கமாகவும் சுருக்கும்போது நீங்கள் எதை விடலாம், எது எதனுடன் சேரும் என்று முடிவு செய்துகொண்டே போகிறீர்கள். படிப்பு அந்த முடிவுகளில்தான் நடக்கிறது. அச்சிட்ட அவுட்லைனில் அந்த முடிவுகளை வேறு யாரோ எடுத்துவிட்டார். மேல் வகுப்பு மாணவரிடமிருந்து கைமாறி வரும் அவுட்லைனுக்கும் இதே குறை உண்டு. ஆனாலும் அது உங்கள் பேராசிரியரின் வகுப்பிலிருந்தே வந்தது என்பதால், எந்தத் தலைப்புக்கு அவர் எத்தனை நாள் செலவிட்டார் என்ற துப்பு அதில் கிடைக்கும். உங்கள் அவுட்லைனை எழுதி முடித்த பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம்.

அடுத்து, தீர்ப்புச் சுருக்கங்கள். உங்கள் பாடநூலில் உள்ள ஒவ்வொரு தீர்ப்புக்கும் நிகழ்ச்சி, கேள்வி, முடிவு, காரணம் என்று அரைப் பக்கத்தில் சுருக்கித் தரும் நூல்களும் கட்டண இணையதளங்களும் உள்ளன. மறுநாள் காலை பேராசிரியர் பெயர் சொல்லி அழைப்பார் என்ற அச்சத்தின் மீதுதான் இந்தச் சந்தையே நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அச்சம் உண்மையானதே. நானும் இரண்டு மாதம் சந்தா கட்டினேன். நிறுத்தியதற்குக் காரணம், 1929-இல் நியூ ஹாம்ப்ஷையர் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹாக்கின்ஸ் எதிர் மெக்கீ வழக்கு.

மின்கம்பி சுட்டுத் தழும்பேறிய ஒரு சிறுவனின் கையை நூறு சதவீதம் நல்ல கையாக்கித் தருவதாக மருத்துவர் வாக்களிக்கிறார். மார்பிலிருந்து தோலை எடுத்து ஒட்டியதில் கை முன்னிலும் மோசமாகி, உள்ளங்கையில் முடி முளைக்கிறது. இதற்கான இழப்பீடு என்பது வாக்களிக்கப்பட்ட நல்ல கையின் மதிப்புக்கும் இப்போதிருக்கும் கையின் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு என்பது தீர்ப்பின் சாரம். எனக்குக் கிடைத்த இணையச் சுருக்கம், நீதிமன்றம் அந்த வேறுபாட்டை இழப்பீடாக வழங்கியது என்று எழுதியிருந்தது. வகுப்பில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியே, அந்த நீதிமன்றம் உண்மையில் என்ன உத்தரவிட்டது என்பதுதான். நான் சுருக்கத்தில் இருந்ததைச் சொன்னேன். நீதிமன்றம் எந்தத் தொகையையும் வழங்கவில்லை. இழப்பீட்டைக் கணக்கிடுவது குறித்து ஜூரி எனப்படும் குடிமக்கள் குழுவுக்குச் சொல்லப்பட்ட அறிவுறுத்தல் தவறு என்று கண்டு, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. சிறுவன் பட்ட வலியை அந்த அறிவுறுத்தல் ஏன் தனியாகக் கணக்கில் சேர்த்தது, அது ஏன் தவறு என்பதிலேதான் அந்த வழக்கின் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அரைப் பக்கச் சுருக்கத்தில் முதலில் உதிர்ந்துபோவது இத்தகைய நடைமுறை விவரங்களே. தீர்ப்பை முழுதாகப் படித்த பிறகு, புரிந்தது சரிதானா என்று பார்க்க ஒரு சுருக்கத்தைத் திறந்தால் குற்றமில்லை. முதல் மாதத்தில் நாளுக்கு ஒரு தீர்ப்பையாவது சுருக்கத்தின் உதவியின்றி நீங்களே அரைப் பக்கமாக எழுதிப் பாருங்கள். ஆறாவது வாரத்துக்குள் சந்தா தேவையற்றதாகிவிடும்.

ஹார்ன்புக் என்றும் பேருரை நூல் என்றும் சொல்லப்படும் தடித்த நூல்களை மாணவர்கள் பொதுவாக அஞ்சி ஒதுக்குகிறார்கள். சட்டத்தின் ஒரு துறையை முழுமையாக, அறிஞர் ஒருவரின் குரலில் விரித்துரைப்பவை இவை. ஒப்பந்தச் சட்டத்தில் ஆலன் ஃபார்ன்ஸ்வொர்த்தின் நூலை நூலகத்தில் வைத்துப் படித்தேன். நீதிமன்றங்கள் வளர்த்த விதிகளை ஒழுங்குபடுத்தி எழுதிய இரண்டாம் ரீஸ்டேட்மென்ட் தொகுப்பின் உருவாக்கத்தில் அறிக்கையாளராக இருந்தவர் என்பதால், ஒரு விதி ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதை அவர் உள்ளிருந்து சொல்கிறார். என் உரைகல் சோதனையில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றது பேருரை நூல்தான். கூடுதலுக்கும் முரணுக்கும் உள்ள வேறுபாடு, நீதிமன்றங்கள் பிரியும் விதம், ஒவ்வொரு கருத்துக்கும் உரிய நியாயம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. ஆனால் அட்டையிலிருந்து அட்டை வரை படிக்க முயன்றால் பருவமே முடிந்துவிடும். இதை அகராதிபோலப் பயன்படுத்த வேண்டும். நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவில் தேடி, உங்களுக்குப் பிடிபடாத ஐந்து பக்கத்தை மட்டும் படித்து, மூடிவிட வேண்டும். ஒரு பருவத்தில் நான் இதைப் பத்துப் பன்னிரண்டு முறை திறந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் பயன் இருந்தது. நூலகத்தில் குறுங்கால இரவலாகக் கிடைக்கும்போது சொந்தப் பிரதி எதற்கு?

கையடக்கச் சிறு நூல்களான நட்ஷெல் தொடரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். பருவம் தொடங்கும் முன் பாடத்தின் நிலப்படம் வேண்டும் என்று நினைப்பவருக்கு ஓரிரு நாள் வாசிப்பாக அமையும். அவுட்லைன் போலத் துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ச்சியான உரைநடையில் இருப்பது இதன் நன்மை.

இனி, நான் மிகுதியாகப் பயன்படுத்திய வகைக்கு வருகிறேன். ஒரு கருத்தைச் சில பக்கங்களில் விளக்கிவிட்டு, உடனே சிறு சிறு கற்பனை நிகழ்ச்சிகளைக் கேள்விகளாகத் தந்து, அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு விடை சொல்லும் நூல்கள் இவை. எக்ஸாம்பிள்ஸ் அண்ட் எக்ஸ்பிளனேஷன்ஸ் என்ற தொடர் இந்த வகைக்குப் பெயர்பெற்றது. உரைகல் சோதனையில் இதன் விளக்கப் பகுதி பேருரை நூலின் ஆழத்தை எட்டவில்லை. ஆனால் விளக்கம் முடிந்த இடத்தில் என்னை எழுத வைத்தது. நீரேற்றிக் கதையைப் போன்ற ஒரு கேள்வி. அதில் விற்பவரின் படிவத்தில் ஒரே ஒரு தொடரை மாற்றி அடுத்த கேள்வி. வாங்குபவர் வணிகர் அல்லர் என்று மாற்றி அதற்கடுத்த கேள்வி. விதியைப் படித்தபோது புரிந்துவிட்டது என்று நினைத்த எனக்கு, இரண்டாவது கேள்வியிலேயே புரியவில்லை என்பது தெரிந்துபோனது. அந்த அதிர்ச்சியைத் தேர்வறையில் அடைவதைவிட அக்டோபரில் அடைவது நல்லது.

இது என் தனிப்பட்ட விருப்பம் மட்டுமல்ல. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோதோ திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். நம்மை ஏமாற்றுவது இந்த இரண்டாவது செய்திதான். மீண்டும் படித்து முடித்த கணத்தில் எல்லாம் தெரிவதுபோல் இருக்கிறது; அந்த உணர்வை நம்பி வண்ண மையால் கோடிட்டுக்கொண்டே போகிறோம். 2013-இல் டன்லாஸ்கியும் உடனாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு எழுதிய மதிப்பாய்வு, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதையும் படிப்பை இடைவெளிவிட்டுப் பரப்புவதையும் உயர்ந்த பயனுடையவை என்றும், கோடிடுதலையும் மறுவாசிப்பையும் குறைந்த பயனுடையவை என்றும் வகைப்படுத்தியது. ஒரு துணைநூலைக் கையில் எடுத்ததும் அது என்னைப் படிக்க மட்டும் வைக்கிறதா, எழுதவும் வைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இதிலிருந்து வந்தது.

இந்த வகை நூலிலும் ஒரு பொறி இருக்கிறது. கேள்வியும் விடையும் அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பதால், கேள்வியைப் படித்த கண் தானாகவே விடைக்கு நழுவிவிடும். விடையைப் படித்துவிட்டு, நானும் இதைத்தான் நினைத்தேன் என்று சொல்லிக்கொள்வது மிக எளிது. விடைப் பக்கத்தின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துவிட்டு, ஐந்து வரியாவது கையால் எழுதிய பிறகே தாளை நகர்த்துவது என்று நான் விதி வைத்துக்கொண்டேன். அந்த விதியை மீறிய நாட்களில் இந்த நூலும் எனக்கு இன்னொரு சுருக்கக் குறிப்பாகவே இருந்தது.

இதே வேலையைத் திரையில் செய்பவை காலி (CALI) என்ற அமைப்பின் பாடங்கள். 1982-இல் உருவான இந்த இலாப நோக்கற்ற அமைப்பில் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலானவை உறுப்பினர்கள். உறுப்புக் கல்லூரி மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பாடங்களைச் சட்டப் பேராசிரியர்களே எழுதுகிறார்கள். நீங்கள் தவறான விடையைத் தேர்ந்தால், அது ஏன் தவறு என்று அந்த விடைக்கே உரிய விளக்கம் வருகிறது. முன்மொழிவும் ஏற்பும் பற்றிய பாடங்களை வகுப்பு முடிந்த அன்றே செய்து பார்த்ததில் எனக்கு மிகுந்த பயன் கிடைத்தது. தேர்ந்தெடுக்கும் கேள்விகளே மிகுதி என்பதால் கட்டுரை எழுதும் பயிற்சி இதில் கிடைக்காது. அதை வேறிடத்தில் தேடிக்கொள்ள வேண்டும். கல்லூரி நூலகரிடம் உறுப்பினர் குறியீட்டைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். அதைச் செய்யாமல் கட்டணச் சேவைகளுக்குச் சந்தா கட்டிய என்னைப் போன்றவர்களை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

அட்டைக் கட்டுகளைப் பற்றி ஒரு வரி: வரையறைகளை மனப்பாடம் செய்ய உதவும், ஆனால் கடையில் வாங்கியவை அல்ல, நீங்களே எழுதியவை. ஒலிப்பதிவு விரிவுரைகள் பேருந்துப் பயணத்துக்குத் துணை. 2-207-ஐக் காதால் மட்டும் கேட்டுப் புரிந்துகொள்ள என்னால் முடியவில்லை. சட்ட அகராதியைப் பொறுத்தவரை, 1891-இல் முதற்பதிப்புக் கண்ட பிளாக்ஸ் லா டிக்ஷனரியே இன்றும் வழக்கில் இருப்பது. பழைய தீர்ப்புகளில் லத்தீன் தொடர்கள் குறுக்கிடும்போது அது தேவைப்படும், என்றாலும் நூலகப் பிரதியே போதும்.

யாரும் துணைநூல் என்று கருதாத, ஆனால் என் மேசையில் இறுதிவரை இருந்த மூன்றில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒப்பந்தச் சட்டப் பாடநூலோடு சட்டப் பிரிவுகளின் தொகுப்பு ஒன்றையும் பலரும் வாங்க வேண்டியிருக்கிறது. யூசிசியின் பிரிவுகளும், இரண்டாம் ரீஸ்டேட்மென்ட்டிலிருந்து எடுத்த பகுதிகளும் அதில் இருக்கும். 1923-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சட்ட நிறுவனம் வெளியிடும் ரீஸ்டேட்மென்ட் சட்டமன்றம் இயற்றிய சட்டம் அல்ல; நீதிமன்றங்கள் வளர்த்த விதிகளை அறிஞர்கள் ஒழுங்குபடுத்தி எழுதியது. மாணவர்கள் விதியின் தடித்த எழுத்துகளை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் கீழே கருத்துரைகளும், எடுத்துக்காட்டுகள் என்ற தலைப்பில் இரண்டு மூன்று வரிக் கற்பனை நிகழ்ச்சிகளும் அவற்றுக்கான விடைகளும் இருக்கின்றன. வாக்குறுதிக்கு ஈடாகப் பெறப்படும் மறுபயன் பற்றிய 71ஆம் பிரிவிலும், வாக்குறுதியை நம்பிச் செயல்பட்டவரைக் காக்கும் 90ஆம் பிரிவிலும் உள்ள எடுத்துக்காட்டுகளை விடையை மறைத்து வைத்துப் பயிற்சியாகச் செய்யலாம். பல எடுத்துக்காட்டுகள் நாம் வகுப்பில் படித்த வழக்குகளின் நிகழ்ச்சிகளையே பெயரில்லாமல் சுருக்கியவை என்பதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சுவையும் இருக்கிறது.

யூசிசியின் அதிகாரபூர்வக் கருத்துரைகளும் அப்படியே. எந்த நிபந்தனை ஒப்பந்தத்தை முக்கியமான வகையில் மாற்றும், எது மாற்றாது என்று நான் மூன்று துணைநூல்களில் தேடிக்கொண்டிருந்தேன். 2-207-இன் 4ஆம், 5ஆம் கருத்துரைகளில் இரண்டு வகைக்கும் எடுத்துக்காட்டுகள் வரிசையாகத் தரப்பட்டிருக்கின்றன. வழக்கமான உத்தரவாதங்களை மறுக்கும் நிபந்தனை முதல் வகையில் அடங்குகிறது. காலங்கடந்த கணக்குக்கு வட்டி விதிக்கும் நிபந்தனை இரண்டாம் வகையில் அடங்குகிறது. நான் தேடிய விடை, கட்டாயமாக வாங்கி அலமாரியில் சாய்த்து வைத்திருந்த தொகுப்பிலேயே இருந்தது. சில பேராசிரியர்கள் இந்தத் தொகுப்பைத் தேர்வறைக்குக் கொண்டுவரவும் அனுமதிக்கிறார்கள். அப்படியானால் அதன் ஓரங்களில் பழகிய கைக்கு, வேறு எந்த நூலும் தர முடியாத வேகம் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் உயர்ந்த துணை, உங்கள் பேராசிரியர் முந்தைய ஆண்டுகளில் தந்த தேர்வுத் தாள்கள். பல கல்லூரி நூலகங்கள் அவற்றைச் சேமித்து வைக்கின்றன; சில பேராசிரியர்கள் மாதிரி விடையையும் உடன் தருகிறார்கள். மூன்று மணி நேரத்தை அளந்து வைத்துக்கொண்டு ஒரு தாளை முழுதாக எழுதினால், உங்கள் அவுட்லைனில் எங்கே ஓட்டை என்பது தெளிவாகிவிடும். என் பேராசிரியரின் நான்கு தாள்களில் மூன்றில் 2-207 ஏதோ ஒரு வேடத்தில் வந்திருந்தது. இழப்பீட்டில் 1854-ஆம் ஆண்டின் ஹேட்லி எதிர் பாக்சென்டேல் விதி நான்கிலும் இருந்தது. உடைந்த ஆலை அச்சைச் சுமந்து சென்றவர் தாமதித்ததால் ஆலை நின்று இழந்த இலாபத்தைக் கேட்க முடியுமா என்ற அந்த வழக்கு, எதிர்நோக்கக்கூடிய இழப்புக்கே ஈடு என்ற விதியைத் தந்தது. வகுப்பில் ஒரே நாளில் கடந்துபோன அதற்கு அவர் இவ்வளவு இடம் தருவார் என்பதை எந்த அச்சிட்ட நூலும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. இந்தத் தாள்களைக் கடைசி வாரத்துக்கென்று ஒதுக்கி வைப்பது பரவலான தவறு. பாடம் முக்கால் பங்கு முடிந்ததுமே ஒன்றை எடுத்து எழுதிப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். பயிற்சிக் கேள்விகளை மேலும் மேலும் உருவாக்கித் தரச் சொல்வதற்கு நான் அவற்றைப் பயன்படுத்தினேன். அந்த வேலையில் களைப்பறியாத துணைதான். விதியையும் வழக்கையும் அவற்றிடம் கேட்பது வேறு விஷயம். 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், உரையாடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அனுபவமுள்ள வழக்கறிஞர்களையே நம்ப வைத்த அந்தத் தடையற்ற நடை, எது இருக்கும் வழக்கு என்று இன்னும் அறியாத முதலாண்டு மாணவரை எளிதில் ஏமாற்றும். மேலும், உங்கள் விடையைத் திருத்தித் தரச் சொன்னால் பாராட்டு சற்று அதிகமாகவே வருகிறது. இரண்டு நண்பர்களுடன் விடைத்தாள்களை மாற்றிப் படித்துக்கொண்டதில் எனக்குக் கிடைத்த கண்டிப்பு அதில் கிடைக்கவில்லை.

பழைய பிரதி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை மெதுவாகவே மாறுவதால், ஒரு பதிப்பு முந்தைய விளக்க நூலைப் பாதிக்கும் குறைவான விலையில் வாங்குவது பெரும்பாலும் பாதுகாப்பானதே. ஆனால் 2003-க்குப் பின் வந்த சில பதிப்புகளைத் திறந்ததும் 2-207-ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் யூசிசியின் 2ஆம் பகுதிக்கு விரிவான திருத்தங்கள் முன்வைக்கப்பட்டு, இந்தப் பிரிவும் திருப்பி எழுதப்பட்டது. மாநிலங்கள் அவற்றை ஏற்க முன்வராததால் 2011-இல் அத்திருத்தங்கள் திரும்பப் பெறப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் அச்சான நூல்களில் அந்தத் திருத்த வடிவம் விரைவில் வரப்போகும் சட்டமாக விவரிக்கப்பட்டிருக்கலாம். எனக்கு இரவல் வந்த ஒரு பிரதியில் முன்னர் வைத்திருந்தவர் அந்தப் பக்கம் முழுவதையும் மஞ்சள் மையால் கோடிட்டிருந்தார்.